மூச்சு முட்டாத நஞ்சு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவருக்கு உடம்பே அபாயமணி அடித்தது. கல்லைத் துணைகொண்டு கடலடி முத்துப்பாருக்கு இறங்கியவர், நெஞ்சு முட்டத் தொடங்கியதும் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் தூக்கிவிடுவார். நெஞ்சை முட்டவைப்பது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான் என்று 1905-ல் ப்ரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து காட்டியவர் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு அப்படியொரு மணி உடம்பில் கிடையாது. நிறமில்லை, வாசனையில்லை, மூச்சும் முட்டாது. ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு மயக்கம். இல்லாத அந்த மணியைச் சுவரில் மாட்டியதுதான் அலாரம். அதன் கதையும் ஹால்டேனிடமே தொடங்குகிறது.

1896 ஜனவரியில் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. இறந்தவர்களை ஆராய்ந்த ஹால்டேன், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பல்ல, பின்னால் பரவிய இந்த வாயு என்று கண்டார். சிற்றுயிருக்கு மூச்சோட்டம் வேகம். மனிதருக்கு முன்பே அது சாய்ந்துவிடும். எலி போன்ற ஒன்றைக் கூடவே கொண்டுபோகச் சொன்னார். கானரிக் குருவி சுரங்கத்துக்குள் போனது இப்படித்தான். பிரிட்டனில் அதற்கு ஓய்வு கொடுக்க முடிவெடுத்தது 1986-ல்தான்.

இதற்கிடையே ஜப்பானில் நவோயோஷி தகுச்சி 1962-ல் டின் ஆக்சைடைக் கொண்டு வாயு உணரி செய்தார். வாயு பட்டால் அதன் மின்தடை மாறும். இன்றைய வீட்டு அலாரங்களில் பெரும்பாலும் மின்வேதி உணரி.

சிகாகோ நகரம் 1994-ல் இந்த அலாரத்தை வீடுகளில் கட்டாயமாக்கியது. அந்த டிசம்பரில் காற்று அசையாமல் ஊர்ப்புகை தாழப் படிந்து நிற்க, அலாரங்கள் கூட்டமாகக் கத்தின. தீயணைப்புத் துறை திணறியது. அடுத்த ஆண்டே அலாரங்களுக்கான தரவிதியைத் திருத்தினார்கள். இன்றைய அமெரிக்க விதிப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இந்த வாயு இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள் ஒலிக்கவேண்டும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். இது மந்தமல்ல. காற்றை முகர்ந்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அது கணக்குப் போடுகிறது. ஆகவே கத்தும்போது மூக்கை உறிஞ்சிப் பார்த்து, 'ஒன்றுமில்லையே' என்று பேட்டரியைக் கழற்றுகிறவர் தன் ரத்தத்தோடு வாதாடுகிறார். எல்லோரும் வெளியேறுவதுதான் முறை.

அதே மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள தூத்துக்குடிக்கு, அனல்மின் நிலையத்துக்காக நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. நிலக்கரி சும்மா கிடக்கும்போதே இந்த வாயுவைக் கசியவிடும் என்பதால், அதை அளக்கும் கருவி கப்பலில் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. கம்ப்ரசர் காற்றை நம்பி இறங்கும் சங்குகுளிப்பவருக்கோ, எஞ்சின் புகை காற்றெடுக்கும் வாய்க்குள் போனால் சொல்ல ஆளில்லை. வீடுகளிலும் அலாரம் அரிது. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளம் போல மின்சாரம் போகும் நாட்களில் ஜெனரேட்டர் ஓடும். குளியலறையில் கேஸ் கீசர் எரியும். இரண்டிலிருந்தும் இந்த வாயு வரலாம்.

வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சமையல் கேஸ் கசிவைச் சொல்லும் கருவி வேறு, இது வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்; இந்த வாயு காற்றோடு காற்றாய்க் கலந்துவிடும், ஆகவே அலாரத்தைப் படுக்கையறைப் பக்கம் மாட்டலாம். மாதமொருமுறை சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆனால் அது பொதுவாக பேட்டரியையும் ஒலியையும்தான் சோதிக்கும். உணரிக்குத் தனி ஆயுள், மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. கருவியின் முதுகில் தேதி அச்சிட்டிருக்கும். அது தாண்டிவிட்டால், பட்டனுக்கு எவ்வளவு சத்தமாகப் பதில் சொன்னாலும் புதிது வாங்கவேண்டியதுதான்.