அரசரின் இரகசியங்களை எழுதிவைத்த குரு

1959ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி, ருவாண்டாவின் அரசர் மூன்றாம் முதாரா ருடஹிக்வா, அயல்நாடான புருண்டியின் தலைநகரில் திடீரென இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று நாள் கழித்து நியான்சா நகருக்கு அண்மையிலுள்ள முவிமாக் குன்றில் அவரை அடக்கம் செய்யக் கூடியபோது, நாட்டை ஆண்டுகொண்டிருந்த பெல்ஜியத்தின் உயர் அதிகாரிகளும் அங்கே நின்றனர். அடுத்த அரசர் யார் என்பதைப் பிறகு ஆறுதலாகத் தீர்மானிக்கலாம் என்பது அவர்களது எண்ணம். ஆனால் வில்லும் ஈட்டியும் ஏந்திய கூட்டத்தின் நடுவே, அடக்கம் முடியுமுன்பே, புதிய அரசரின் பெயர் உரத்து அறிவிக்கப்பட்டது. இறந்தவரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான 23 வயது இளைஞர் ந்தஹிந்துர்வா, ஐந்தாம் கிகெரி என்ற பட்டப் பெயருடன் அரசரானார். பெல்ஜிய அதிகாரிகளுக்கு அதை ஏற்றுக் கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அறிவித்தவர்கள் 'அபிரு' எனப்படுவோர். அரச மரபின் இரகசியங்களைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் காத்துவந்த குடும்பத்தினர் இவர்கள். அவர்கள் காத்த இரகசியத் தொகுதிக்கு 'உபுவிரு' என்று பெயர். அரசுரிமை எப்படிக் கைமாற வேண்டும், மழை பொய்த்தால் என்ன சடங்கு, படையெடுப்புக்கு முன் என்ன செய்ய வேண்டும், எந்தப் பெயர் கொண்ட அரசர் எந்த ஆற்றைக் கடக்கலாகாது என்பன வரை அனைத்தும் அதில் அடங்கும். யூஹி என்ற பெயர் பூண்ட அரசர் நியபரோங்கோ ஆற்றைக் கடக்கக் கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு பகுதிதான் தெரியும். வெளியே சொன்னால் உயிர் போகும். முவிமாவில் அன்று அறிவிக்கப்பட்டது உண்மையிலேயே அந்த மரபின் வழி வந்த இரகசியம்தானா, அன்றைய அரசியல் தேவைக்காக அவசரமாக எடுத்த முடிவா என்று ஆய்வாளர்கள் வாதிட்டு வந்திருக்கின்றனர்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உயிரைப் பணயம் வைத்துக் காத்த அந்த இரகசியங்கள், முவிமா அடக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே காகிதத்தில் ஏறிவிட்டிருந்தன. ஏற்றியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெயர் அலெக்சிஸ் ககாமே. (ஜனாதிபதி போல் ககாமேயுடன் இவரைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.)

1912இல் கியன்சா என்னும் ஊரில் பிறந்த அலெக்சிஸ் ககாமே, அரசவை வரலாற்றாளர் குடும்பத்தின் வழித்தோன்றல். அபிரு குலத்தாருடன் அவரது குடும்பத்துக்கு உறவு இருந்தது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்று ருவாண்டா பெல்ஜியத்தின் கைக்கு மாறிய பின், அந்நாட்டு உயர்குடியினர் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவினர். அந்த அலையில் வளர்ந்த ககாமே 1941இல் குருப்பட்டம் பெற்றார். குருமாணவராக இருந்த காலத்திலேயே முதியோரைத் தேடிச் சென்று, அவர்கள் நினைவில் இருந்த அரசவைக் கவிதைகளை எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கவிதைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எழுத்து இல்லாத நாடு என்று வெளியார் சொன்ன ருவாண்டாவில் இலக்கிய வகைகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அரச பரம்பரையைப் புகழும் 'இபிசிகோ', வீரன் தன் வீரத்தைத் தானே பாடும் 'இபியிவுகோ', நீண்ட கொம்புடைய அரச மாடுகளைப் பெயர் சொல்லிப் போற்றும் 'அமசினா யின்கா', இரவுக் கூடல்களில் சொல்லப்படும் வரலாற்றுக் கதைகளான 'இபிதெகெரெசோ' என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனி இலக்கணமும் இருந்தன. இபிசிகோ வகையைத் தொடக்கி வைத்தவர் நியிரருமாகா என்ற அரசமாதா என்பது மரபுக் கதை. ஓர் இலக்கிய வகையின் தோற்றத்தைப் பெண்ணொருவருக்கு உரித்தாக்கும் மரபு உலகில் அதிகமில்லை.

கின்யருவண்டா மொழியில் உயிரெழுத்தின் குறில் நெடில் வேறுபாடும், சொல்லின் ஏற்ற இறக்கமும் பொருளையே மாற்றிவிடும். ஆனால் மிஷனரிமார் வகுத்த எழுத்து முறை இவற்றைக் குறிப்பதில்லை. எனவே அச்சில் பார்த்தால் அந்தக் கவிதைக்கு யாப்பே இல்லாதது போலத் தோன்றும். அது மாத்திரைக் கணக்கில் நடக்கும் கவிதை என்பதை ககாமே முதலில் எடுத்துக் காட்டினார். பின்னர் பெல்ஜிய மொழியியலாளர் அந்திரே குபே அதை விரிவாக ஆராய்ந்தார். மாத்திரை என்ற சொல்லைத் தொல்காப்பியக் காலம் முதல் வழங்கிவரும் நமக்கு இது எளிதில் விளங்கும். குறில் நெடில் அறியாமல் இக்கவிதைகளை வசனம் என்று ஒதுக்கிய ஐரோப்பியரைக் குறைசொல்லிப் பயனில்லை, அவர்கள் காதால் கேட்கவில்லை, கண்ணால் படித்தார்கள்.

ககாமே திரட்டிய அரச பரம்பரைக் கவிதைகள் நூற்று எழுபதுக்கு மேல். 1951இல் அவற்றைப் பற்றிய ஆய்வு பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அதற்கு முன்னரே 1943இலும் 1947இலும் 'இன்கன்ஜி கரிங்கா' என்ற வரலாற்று நூலைத் தாய்மொழியில் இரு பாகங்களாக வெளியிட்டிருந்தார். கரிங்கா என்பது அரசுரிமையின் சின்னமான முரசின் பெயர். வெற்றி கொண்ட கரிங்கா என்பது நூற்பெயரின் பொருள். இடையில் 'கின்யமதேகா' என்ற கத்தோலிக்கப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பையும் சுமந்தார். பத்திரிகை வேலையோடு இத்தனை ஏட்டு வேலையையும் ஒருவர் எப்படிச் செய்தார் என்று அத்தொழிலில் இருந்த எனக்கு இன்றுவரை வியப்புத்தான். அத்தோடு நகைச்சுவையும் இருந்தது. பன்றியிறைச்சியின் பெருமையை அரசவைக் கவிதையின் உயர்ந்த நடையில் பாடி ஒரு நீண்ட அங்கதப் பாட்டையும் 1949இல் வெளியிட்டார். மாட்டைத் தெய்வம் போலப் போற்றிய உயர்குடிச் சமூகத்தில் அது எப்படிப்பட்ட குறும்பு என்பதை ஊகிக்கலாம்.

உபுவிரு இரகசியங்களை எழுத அவருக்கு அனுமதி கொடுத்தவர் அரசர் ருடஹிக்வாவே. காரணம் தெளிவானது. 1931இல் பெல்ஜியர் முந்திய அரசரான யூஹி முசிங்காவைப் பதவி நீக்கி அவரது மகனான ருடஹிக்வாவை அமர்த்தியபோதே பழைய சடங்குகள் கைவிடப்பட்டன. அறிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தனர். எழுதாவிட்டால் அழியும், எழுதினால் இரகசியம் போய்விடும். அரசர் எழுதுமாறு சொன்னார். 1947இல் ககாமே அந்தத் தொகுதியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் முழுமையான மூலமோ, மன்னராட்சி ஒழிந்த பின், 1964இல் தெர்தெபெல்ட், குபே ஆகிய இரு பெல்ஜியரின் பதிப்பாகவே அச்சேறியது.

1952இல் பழைய ருவாண்டாவின் அரசியல் நிறுவனங்கள் பற்றிய நூலை ககாமே வெளியிட்டதும் பெல்ஜிய நிர்வாகம் எரிச்சலடைந்தது. எங்களுக்கும் ஒழுங்கான ஆட்சிமுறை இருந்தது என்று காட்டும் நூல் குடியேற்ற ஆட்சியாளருக்கு இனிக்குமா? ஆயரிடம் நெருக்குதல் கொடுத்து அவரை உரோமாபுரிக்கு அனுப்பிவிட்டனர். அது அவருக்கு நன்மையாகவே முடிந்தது. கிரெகோரியன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று 1955இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாய்மொழியின் இலக்கணத்திலிருந்தே அம்மக்களின் மெய்யியலை வருவிக்க முயன்ற அவரது ஆய்வேடு ஆபிரிக்க மெய்யியல் வகுப்புகளில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

அவர் 1958இல் நாடு திரும்பியபோது அவருடைய நூல் அவரில்லாமலேயே ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1957 மார்ச்சில் ஹுட்டு சமூகத்தின் படித்தவர்கள் தமது உரிமைகளைக் கோரிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டிருந்தனர். அதற்கு எதிராக 1958 மே மாதத்தில் நியான்சா அரண்மனையின் முதுபெரும் பணியாளர்கள் கடிதம் ஒன்றை எழுதினர். எங்கள் அரசர்கள் ஹுட்டுக்களின் சிற்றரசர்களைக் கொன்று அவர்களது நிலத்தை வென்றனர், அப்படியிருக்க அவர்கள் எங்கள் சகோதரர் என்று எப்படி உரிமை கொண்டாடலாம் என்பது அதன் சாரம். அதற்குச் சான்றாக அவர்கள் சுட்டியது 'இன்கன்ஜி கரிங்கா' நூலை! மறுபக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. கொல்லப்பட்ட அரசர்களின் உடலிலிருந்து வெட்டிய உறுப்புகள் தொங்கும் முரசு எப்படி எல்லோருக்கும் பொதுவான தேசியச் சின்னமாகும் என்று அவர்கள் கேட்டனர். இரவுக் கூடலில் கதையாகக் கேட்டவரை எவரையும் சுடாத செய்தி, அச்சில் ஏறியதும் ஆவணமாகி, ஆவணம் ஆனதும் ஆயுதமாகியது. 1959 நவம்பரில் வன்செயல் மூண்டது. 1961இல் மன்னராட்சி ஒழிக்கப்பட்டது. கரிங்கா முரசும் காணாமற் போயிற்று.

அந்த ஆண்டுகளில் அங்கே இன்னொருவர் இருந்தார். பெல்ஜியத்தில் 1929இல் பிறந்த யான் வன்சினா. ஐரோப்பிய இடைக்கால வரலாறு படித்தவர். கொங்கோவின் கூபா மக்களிடையே வாழ்ந்தபோது, அவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் பாட்டுக்களும் தான் படித்த இடைக்கால ஏடுகளும் ஒரே தன்மையன என்று கண்டார். ஏட்டுக்குரிய சோதனைகளை வாய்மொழிக்கும் வைக்கலாமே! 1957 முதல் ருவாண்டாவின் தென்பகுதியில் ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து, உள்நாட்டு உதவியாளர் குழுக்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான வரலாற்றுக் கதைகளைத் திரட்டினார். 1961இல் வெளியான அவரது வாய்மொழி மரபு பற்றிய நூல், எழுத்தில்லாத மக்களுக்கு வரலாறும் இல்லை என்ற நெடுநாளைய எண்ணத்துக்கு முடிவுகட்டியது எனலாம்.

வன்சினாவும் ககாமேயும் ஒரே ஊற்றில் நீர் மொண்டவர்கள். ஆனால் வழி வேறு. அரசவையில் நினைவாளர் சொன்னதை ககாமே பெரும்பாலும் வரலாறாகவே ஏற்றார். தலைமுறைக்கு 33 ஆண்டுகள் என்று கணக்கிட்டு அரச வரிசையைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கி நீட்டினார். டுட்சிகள் வடக்கிலிருந்து வந்தேறிய வேற்றினம் என்று ஸ்பீக் என்ற ஆங்கிலப் பயணி 1863இல் எழுதிவைத்த கற்பனையும் அவரது நூல்களில் ஊடுருவியது. வன்சினாவோ ஒரே கதையைப் பலர் வாயிலிருந்து கேட்டு, ஒவ்வொன்றும் யாருடைய நலனுக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்டார். 2001இல் அவர் வெளியிட்ட பழைய ருவாண்டா பற்றிய நூல் பலருக்குக் கசந்தது. அந்த அரசு மிகத் தொன்மையானதன்று, பதினேழாம் நூற்றாண்டில் ருகன்சு ந்தோரி என்பவர் நிறுவியது என்றார். வந்தேறிய இனம் என்ற கதையை மறுத்தார். வெள்ளையர் வரும்வரை எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தனர் என்ற கதையையும் மறுத்தார். 1870ஆம் ஆண்டளவில், ருவபுகிரி அரசர் காலத்தில், பயிர்செய்வோர் மீது மட்டும் சுமத்தப்பட்ட 'உபுரெத்வா' என்ற கட்டாய ஊழியமே ஹுட்டு, டுட்சி என்ற பிளவைக் கூர்மையாக்கியது என்பது அவர் முடிவு. 1930களில் பெல்ஜியர் அடையாள அட்டையில் இனத்தைப் பொறித்தது அதன் மேல் வந்த முத்திரை. என் அபிப்பிராயத்தில் ஒரு வரலாற்றாசிரியரின் நேர்மைக்கு இரு பக்கத்தாரின் கோபத்தை விடச் சிறந்த நற்சான்று இல்லை.

அரசவைக்கு வெளியே கேட்கச் சென்றவர்களும் உண்டு. அமெரிக்கரான கதரின் நியூபரி 1970களின் தொடக்கத்தில் தென்மேற்கில் கின்யகா என்ற பகுதியில் குடியானவரிடம் கேட்டு எழுதிய ஆய்வு, மேலிடத்தின் புகழ்க்கவிதையில் இல்லாத வலியைப் பதிவு செய்தது. வடக்கில், அரண்மனைக்குக் கட்டுப்படாதிருந்த ஹுட்டுச் சிற்றரசுகளின் வாய்மொழி மரபைத் திரட்டி பாரிஸில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் பெர்டினண்ட் நஹிமானா. மத்திய அரசவையின் கதை மட்டுமே நாட்டின் கதையன்று என்று காட்டிய அவரது ஆய்வு மதிக்கத்தக்கதே. அதே நஹிமானா 1993இல் ஆர்.ரி.எல்.எம். வானொலியை நிறுவியவர்களில் ஒருவரானார். 1994இல் அந்த வானொலி கொலைகாரரை எப்படி ஏவியது என்பது உலகறிந்தது. 2003இல் அருஷா நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2007இல் மேன்முறையீட்டில் அது 30 ஆண்டுகளாகக் குறைந்தது.

அதே நீதிமன்றத்தில் நிபுணத்துவச் சாட்சியாகப் பல வழக்குகளில் தோன்றியவர் அலிசன் டி போர்ஜஸ். இவரும் வாய்மொழி வரலாற்று மாணவியே. 1960களின் பிற்பகுதியில் முசிங்கா அரசரின் அவையில் இருந்த முதியோரைச் சந்தித்து, 1972இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்தவர். 1994க்குப் பின் கல்வி ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுகொலையின் சான்றுகளைத் திரட்டினார். முதியோரிடம் கதை கேட்கப் பழகிய காது, உயிர் தப்பியவர்களின் வாக்குமூலத்தைக் கேட்கப் பயன்பட்டது. 2009 பெப்ரவரியில் விமான விபத்தொன்றில் இறந்தார். அவரது ஆய்வேடு 2011இல்தான் நூலாகியது.

1994இல் நூறு நாட்களில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் இருந்த புத்தாரே நகரில் பேராசிரியர்களும் மாணவர்களும் அதில் அடங்குவர். ருடஹிக்வா அரசரின் மனைவியாகிய முதிய ரோசலி கிகண்டாவை, ஏப்ரில் 20ஆந் திகதி, அதே நகரில் சுட்டுக் கொன்றனர். மனப்பாடமாக அறிந்திருந்த முதியோரில் எத்தனை பேர் போயினர் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. வன்சினா குழு திரட்டிய கதைகளின் நுண்படச் சுருள்கள் 1970களிலேயே சிக்காகோ நூலக நிலையம் ஒன்றைச் சென்றடைந்திருந்தன. அவை தப்பின.

ககாமே 1981இல் நைரோபியில் காலமானார். வன்சினா 2017இல் அமெரிக்காவின் மடிசன் நகரில் மறைந்தார்.

முவிமாவில் அன்று அரசராக அறிவிக்கப்பட்ட இளைஞர் இரண்டாண்டுகளில் நாடிழந்து, நெடுங்காலம் புலம்பெயர்ந்து வாழ்ந்து, 2016 ஒக்டோபரில் அமெரிக்காவில் 80ஆவது வயதில் இறந்தார். 2017 சனவரியில் அதே முவிமாக் குன்றில், அண்ணன் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர். அதற்குச் சில நாள் முன்னர், பிரித்தானியாவில் வாழும் உறவினர் ஒருவர் அவருக்கு அடுத்தவராக, ஆறாம் யூஹி என்ற பெயருடன், புலம்பெயர்ந்த அரச சபையினரால் அறிவிக்கப்பட்டார். அபிரு காத்த வரிசைப்படி, கிகெரிக்கு அடுத்து வரவேண்டிய பெயர் மிபம்ப்வே.