ஆணை இல்லாத தண்டனை: மஹ்மூத் அப்துல் ரவூஃபின் ஒன்பது ஊர்கள்

டென்வர், சக்ரமெண்டோ, இஸ்தான்புல், வன்கூவர், பேர்ம், ரொசெட்டோ, தெசலோனிக்கி, ஜித்தா, கியோட்டோ.

மஹ்மூத் அப்துல் ரவூஃப் எண்ட அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் 1990 இலிருந்து 2011 வரைக்கும் சம்பளத்துக்கு ஆடின ஊர்கள் இவை. ஒன்பது ஊர், எட்டு நாடு. பட்டியலை மட்டும் பார்த்தால் பொறாமையாக இருக்கும். விளையாடிக்கொண்டே உலகம் சுற்றியிருக்கிறார் மனுசன் எண்டுதான் தோன்றும்.

ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் கதை மாறிவிடும். 27 வயதில், அமெரிக்காவின் முதல்தர லீக்கான என்.பி.ஏ இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.2 புள்ளிகள் எடுத்தவர், 29 வயதில் அங்கே இடமில்லாமல் துருக்கிக்குப் போகிறார். பிறகு ஒரு வருடம் எங்கேயும் இல்லை. திரும்பி வந்து ஒரேயொரு சீசன். அதுக்குப் பிறகும் வெற்று வருடங்கள். ஒரு கூடைப்பந்து வீரருக்கு உடம்பும் அனுபவமும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற நல்ல காலம் இதுதான். அந்தக் காலம் இவருக்கு எங்கே போனது?

2016 இல், ஸ்டெஃபன் கறியின் ஆட்டத்தைப் பார்த்து உலகமே வாய்பிளந்து நிண்ட நேரம், சிக்காகோ புல்ஸின் பழைய பயிற்றுவிப்பாளர் ஃபில் ஜக்சன் ட்விட்டரில் ஒரு விசயம் எழுதினார். கறியைப் பார்க்க அப்துல் ரவூஃப் ஞாபகம் வருகிறதா எண்டு கேட்டு, அவருடைய என்.பி.ஏ காலம் குறுகியது, ஆனால் பிரகாசமானது எண்ட பொருள்பட எழுதியிருந்தார். பலர் அந்த ஒப்பீட்டைப் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது 'குறுகியது' எண்ட சொல். ஏன் குறுகியது?

திரும்பத் திரும்ப எறிந்த பொடியன்

1969 இல், மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் எண்ட கரையோர நகரத்தில் பிறந்தவர் இவர். அப்போதைய பெயர் கிறிஸ் ஜக்சன். தகப்பன் இல்லாத வீடு, தாய் தனியாகத்தான் வளர்த்தார். வறுமை. அதோடு, தன்னையறியாமல் உடம்பு துடிக்கிற, சத்தம் வருகிற ஒரு நிலைமையும் இருந்தது. அதுக்குப் பெயர் டூரெட் நோய் எண்டு 17 வயதில்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்த நோயோடு சேர்ந்து, ஒரு காரியம் மனசுக்குச் சரியெண்டு படும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ஒரு உந்துதலும் அவருக்கு இருந்தது. சப்பாத்துக் கயிற்றை எத்தனையோ தரம் கட்டுவார். பந்தை எறிந்தால் வளையத்தில் படாமல் வலையை மட்டும் உரசிப் போகவேணும், அந்தச் சத்தமும் சரியாக இருக்கவேணும். இல்லாவிட்டால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவார். மற்றவர்களுக்குப் பயிற்சி, இவருக்கு அது முடிக்காமல் வீட்டுக்குப் போகமுடியாத ஒரு கடன்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1988-89 சீசனில், முதலாம் ஆண்டு மாணவனாக ஆட்டத்துக்கு 30.2 புள்ளிகள் சராசரி. அதுவரை எந்த முதலாம் ஆண்டு மாணவரும் எட்டாத உயரம் அது. அடுத்த வருடம் அதே அணிக்கு ஷக்கீல் ஓ'நீலும் வந்து சேர்ந்தார். 1990 இல் டென்வர் நகெட்ஸ் அணி இவரை மூன்றாவது ஆளாகத் தெரிவுசெய்தது.

கிட்டத்தட்ட ஆறடி ஒரு அங்குலம்தான் உயரம். அந்த உயரத்தோடு அவர் செய்தவற்றைக் கேளுங்கோ. 1993 இல் லீக்கிலேயே அதிகம் முன்னேறிய வீரர் எண்ட விருது. 1993-94 இல் 229 ஃப்ரீ த்ரோக்களில் 219 உள்ளே, அதாவது 95.6 வீதம். அதே சீசனின் பிளேஓஃபில், எட்டாம் இடத்தில் இருந்த டென்வர், முதலாம் இடத்தில் இருந்த சியாட்டிலை வீழ்த்தியது. அப்படி ஒரு அணி வெல்வது என்.பி.ஏ வரலாற்றில் அதுதான் முதல் தடவை. 1995 டிசம்பரில் யூட்டா ஜாஸுக்கு எதிராகத் தனியாளாக 51 புள்ளிகள். 1995-96 இல் மைக்கல் ஜோர்டனின் சிக்காகோ புல்ஸ் 82 ஆட்டங்களில் வெறும் 10 இல்தான் தோற்றது. அந்தப் பத்தில் ஒன்று டென்வரிடம். அண்டைக்கு அப்துல் ரவூஃப் எடுத்தது 32.

இவ்வளவு எண்களையும் அடுக்குவதுக்குக் காரணம் இருக்கு. பிறகு 'ஆள் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை' எண்டு ஒரு கதை வரும். அதைக் கேட்கும்போது இந்த எண்கள் கையில இருக்கவேணும்.

1996 மார்ச்

பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பயிற்றுவிப்பாளர் டேல் பிரவுன் இவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்: மல்கம் எக்ஸின் சுயசரிதை. அந்த வாசிப்பு நிற்கவில்லை. 1991 இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1993 இல் சட்டப்படி பெயரையும் மாற்றினார்.

என்.பி.ஏ ஆட்டங்கள் அமெரிக்க தேசிய கீதத்தோடுதான் தொடங்கும். வீரர்கள் வரிசையாக, மரியாதையான முறையில் எழுந்து நிற்கவேணும் எண்டு லீக்கின் விதி சொல்கிறது. 1995-96 சீசனில் அப்துல் ரவூஃப் அந்த நேரத்தில் உடைமாற்றும் அறையிலேயே இருப்பார், அல்லது ஓரமாக உடம்பை இளக்கிக்கொண்டிருப்பார். பதாகை பிடிக்கவில்லை. கூட்டம் கூட்டவில்லை. மாதக்கணக்காக அதை ஆருமே பெரிதாகக் கவனிக்கவும் இல்லை.

மார்ச்சில் ஊடகங்கள் கேட்கத் தொடங்கின. கேட்டதுக்கு மறைக்காமல் பதில் சொன்னார். அந்தக் கொடி சிலருக்கு விடுதலையின் அடையாளமாக இருக்கலாம், வேறு சிலருக்கு அது ஒடுக்குமுறையின் அடையாளம். கடவுளை நம்பிக்கொண்டு ஒடுக்குமுறைக்கும் எழுந்து நிற்க முடியாது எண்ட கருத்துப்படச் சொன்னார். மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளையாக வளர்ந்த ஒருவர் இதைச் சொன்னது ஆச்சரியமில்லை. ஆனால் நாடு கொந்தளித்தது.

மார்ச் 12 ஆம் திகதி என்.பி.ஏ அவரைச் சம்பளமின்றி இடைநிறுத்தியது. தவறவிடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 31,707 டொலர் நட்டம். வீரர்களின் சங்கம் அவர் பக்கம் நிண்டது. முஸ்லிமான இன்னொரு நட்சத்திர வீரர் ஹக்கீம் ஒலாஜுவோன் அவரோடு உடன்படவில்லை. டென்வர் வானொலி நிலையம் ஒன்றின் ஆட்கள் அங்குள்ள பள்ளிவாசலுக்குள் வாத்தியத்தோடு புகுந்து தேசிய கீதத்தை வாசித்தார்கள். அவர்கள் மீது வழக்கும் பதியப்பட்டது.

இடைநிறுத்தம் ஒரேயொரு ஆட்டத்தோடு முடிந்தது. ஒரு இணக்கம் வந்தது. எழுந்து நிற்பார், ஆனால் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கைகளை ஏந்தித் தன்னுடைய பிரார்த்தனையைச் செய்வார். திரும்பி வந்த ஆட்டம் சிக்காகோவில். அரங்கம் முழுக்க அவரைப் பார்த்துக் கூவியது.

பதிவுப் புத்தகத்தில் தண்டனை இவ்வளவுதான்: ஒரு ஆட்டம், 31,707 டொலர். உண்மையான தண்டனை அதுக்குப் பிறகுதான் தொடங்கியது. அதுக்குப் பதிவே இல்லை.

எழுதப்படாத முடிவுக்கு ஆதாரம் எங்கே?

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது ஒரு தலையிடி. ஆவணம் இருந்தால் எழுதலாம். 'இந்த ஆளை இனி ஒருத்தரும் எடுக்கக் கூடாது' எண்டு ஒரு சுற்றறிக்கை போயிருந்தால் கதை சுலபம். அப்படி ஒரு கடிதமும் வெளியே வரவில்லை. அப்ப என்ன செய்யிறது? நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கத்தான் வேணும்.

முதலாவது, அவருக்குப் போட்ட விலை. சர்ச்சை நடந்து மூன்றே மாதத்தில், 1996 ஜூனில், டென்வர் தன் முதன்மைப் புள்ளி எடுப்பாளரைச் சக்ரமெண்டோ கிங்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தது, காயங்களால் அடிபட்டுப்போயிருந்த லித்துவேனிய வீரர் ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸும், இரண்டாம் சுற்றுத் தெரிவு ஒன்றும். மார்ச்சுலியோனிஸ் டென்வருக்கு ஆடியது 17 ஆட்டங்கள். அதோடு ஓய்வு பெற்றார்.

இரண்டாவது, ஆட்ட நேரம். சக்ரமெண்டோவில் முதல் சீசனில் சராசரி 13.7 ஆக இறங்கியது. அடுத்த சீசனில் 31 ஆட்டங்கள்தான், சராசரி 7.3. நிமிடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆட்டத்தின் தாளத்தைக் குழப்பி, பிறகு 'இவருக்குத் திறமை போய்விட்டது' எண்டு சொல்வதுதான் வழமை எண்டு அப்துல் ரவூஃபே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார்.

மூன்றாவது, அமைதி. 1998 இல் ஒப்பந்தம் முடிந்தது. லீக்கில் அப்போது 29 அணிகள். ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேணும். 7.3 புள்ளிகள் எடுக்கிற உயரம் குறைந்த ஒருவரை வேண்டாம் எண்டு சொல்ல ஒரு அணிக்கு விளையாட்டுக் காரணமே போதும். அவருடைய தடுப்பாட்டம் பலமானதில்லை எண்டதும் பொய்யில்லை. ஒவ்வொரு அணியையும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு நியாயம் சொல்லியிருக்கும்: பார்வையாளர் கூவுவினம், அனுசரணையாளர் முகம் சுளிப்பார், எங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 29 பேர் ஒரு அறையில் கூடிச் சதி செய்யத் தேவையில்லை. 29 பேரும் தனித்தனியாக 'எங்களுக்கு ஏன்' எண்டு நினைத்தாலே போதும், ஒருவரின் வாழ்க்கை முடிந்துவிடும். ஒருத்தரும் குற்றவாளி இல்லை, ஒரு ஆணையும் இல்லை. ஆனால் விளைவு ஆணை போட்டதைப் போலவே இருக்கும்.

இவர் தனியாள் இல்லை எண்டது இதை இன்னும் வலுவாக்குகிறது. சிக்காகோ புல்ஸின் கிரெய்க் ஹொட்ஜஸ், 1991 இல் வெள்ளை மாளிகைக்கு ஆபிரிக்க உடையில் போய், கறுப்பின மக்களின் நிலையைப் பற்றி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 1992 இல் புல்ஸ் அவரை விட்டது, பிறகு என்.பி.ஏ இல் அவர் ஆடவேயில்லை. 1990, 1991, 1992 எண்டு மூன்று வருடம் தொடர்ந்து மூன்று புள்ளி எறிதல் போட்டியை வென்றவர் அவர். 1993 இல் அந்தப் போட்டிக்கு, எந்த அணியும் இல்லாத ஆளாக வந்து எறிந்தார். 1996 இல் லீக்குக்கு எதிராக வழக்குப் போட்டார். காலம் பிந்திவிட்டது எண்டு வழக்குத் தள்ளுபடியானது. இருபது வருடம் கழித்து, அமெரிக்கக் காற்பந்தில் கொலின் கேப்பர்னிக் மண்டியிட்டார். 2017 க்குப் பிறகு அவருக்கும் அணி இல்லை.

பேர்மிலிருந்து கியோட்டோ வரை

1998 இல் துருக்கியின் ஃபெனர்பாஹ்சே. 2000-01 இல் கனடாவின் வன்கூவர் கிரிஸ்லீஸ் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 41 ஆட்டங்கள், பெரும்பாலும் மாற்று வீரராக. அதுதான் என்.பி.ஏ இல் கடைசி.

2001 இல், மிசிசிப்பியில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு எரிந்தது. அதுக்கு முன்பே அந்த வீட்டில் கே.கே.கே எண்டு எழுதிவைத்திருந்தார்கள். சொந்த மாநிலத்தை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறினார்.

பிறகுதான் அந்த நீண்ட சுற்று. 2003-04 இல் யூரல் மலைப் பக்கம் ரஷ்யாவின் பேர்ம். அடுத்த சீசனில் இத்தாலியின் ரொசெட்டோ எண்ட சின்னக் கடலோர ஊர். பிறகு கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் அரிஸ் கழகம், சவூதியில் அல் இத்திஹாத். கடைசியாக 40 வயதில் யப்பானின் கியோட்டோ ஹன்னாரிஸ். 2011 வரை அங்கே ஆடினார். 2017 இல், 48 வயதில், மூவர் மூவராக ஆடுகிற பிக் 3 எண்ட லீக்கில் மறுபடியும் வந்து நிண்டார். திறமை 1998 இல் தீர்ந்துபோன ஒருவருக்கு அது எப்பிடி முடியும்?

இதை வெறும் சோகக் கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. எத்தனையோ அமெரிக்க வீரர்கள் பிழைப்புக்காக இப்பிடி நாடு நாடாகப் போகினம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள கழகங்கள் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. தன்னுடைய முடிவுக்காக வருந்தவில்லை எண்டு அப்துல் ரவூஃப் பல தடவை சொல்லியிருக்கிறார். அவருக்கு இல்லாத வருத்தத்தை நாங்கள் அவர்மேல் ஏற்றத் தேவையில்லை. அவர் இழந்தது எது, எப்பிடி இழந்தார் எண்டதை மட்டும் சரியாகச் சொன்னால் போதும்.

2020 ஜூலையில், கொரோனாவால் நிண்டுபோன என்.பி.ஏ ஃபுளோரிடாவில் மறுபடி தொடங்கியது. ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்டு இரண்டு மாதம். தேசிய கீதம் ஒலித்தபோது அணி அணியாக வீரர்கள் மண்டியிட்டார்கள். பயிற்றுவிப்பாளர்களும்தான். எழுந்து நிற்கவேணும் எண்ட விதி அப்போதும் புத்தகத்தில் இருந்தது. லீக் அதைப் பிரயோகிக்கவில்லை. அதே வருடத்தில்தான் லூசியானா பல்கலைக்கழகம் அவருடைய 35 ஆம் இலக்கச் சீருடைக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது. அவருக்கு அப்போது 50 தாண்டிவிட்டது. கௌரவம் வந்தது நல்லதுதான், ஆனால் 29 வயதை ஆரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

2023 இல் வெளியான 'ஸ்டாண்ட்' எண்ட ஆவணப்படம் இவரைப் பற்றியது. கூடைப்பந்து தெரியாதவர்களும் பார்க்கலாம். பார்க்கும்போது, ஆர் என்ன சொன்னார் எண்டதோடு, ஆரெல்லாம் ஒண்டும் சொல்லாமல் இருந்தார்கள் எண்டதையும் கவனியுங்கோ. 1998 இல் அவருக்கு வராமல் போன தொலைபேசி அழைப்புகளை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட முடியாது. அவை இருந்திருக்கவேண்டிய இடத்தை, ஒரு வீரரின் புள்ளிவிபரப் பட்டியலில் இருக்கிற வெற்று வருடங்களில்தான் வாசிக்கலாம்.