பனுவல் வகையும் சொல்லெண்ணிக்கையும்: ஐதராபாத்தில் சந்தித்த இரு ஆய்வு மரபுகள்

முன்னுரை

மொழியின் இயல்பை எண்களால் அறிய முற்படும் ஆய்வின் முடிவு, எவ்வகைப் பனுவல் எண்ணப்பெற்றது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஐதராபாத்தோடு தொடர்புடைய இரு அறிஞர்களின் பணிகளை முன்னிறுத்தி இக்கட்டுரை இதனை விளக்க முயல்கிறது.

எழுத்தை எண்ணிய மரபு

1948 இல் கிளாட் ஷானன் வகுத்த செய்திக் கோட்பாடு இந்திய மொழியாய்விலும் இடம்பெற்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. எஸ். இராமகிருஷ்ணா தம் குழுவினருடன் இந்திய மொழிகளின் ஒப்பீட்டுத் திறனை ஆராய்ந்து 1962 இல் நூலாக வெளியிட்டார். 1963 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையின் என்ட்ரோபியைக் கணக்கிட்டார். ஓர் எழுத்தை அடுத்து எவ்வெழுத்து வரும் என்பதிலுள்ள உறுதியின்மையின் அளவே என்ட்ரோபியாகும். 1968 இல் தெலுங்கு உரைநடை பற்றிய கட்டுரையொன்றையும் அவர் மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து வெளியிட்டார். இரு கட்டுரைகளின் தலைப்பிலும் ‘உரைநடை’ என்னும் வரையறை உள்ளமை கருதத்தக்கது. செய்யுளில் எதுகையும் மோனையும் எழுத்துத் தேர்வை முன்னரே கட்டுப்படுத்துவதால், உரைநடைக்குரிய அளவு செய்யுளுக்கு அப்படியே பொருந்தாது.

வாய்மொழியைத் திரட்டிய மரபு

அதே 1962 இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் ‘மாண்டலிக விருத்தி பதகோசம்’ என்னும் தொழிற்சொல் அகராதியின் வேளாண்மைத் தொகுதியை ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேச சாகித்ய அகாதெமி வெளியிட்டது. அச்சொற்கள் களப்பணியின்வழி உழவரிடமிருந்து திரட்டப்பெற்றவை.

இராமகிருஷ்ணா 1980 முதல் 1986 வரையிலும், கிருஷ்ணமூர்த்தி 1986 முதல் 1993 வரையிலும் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்களாக விளங்கினர். அச்சு எழுத்தை எண்ணியவரும் அச்சேறாச் சொல்லைத் திரட்டியவரும் ஒரே நிறுவனத்தை அடுத்தடுத்து வழிநடத்தினர்.

தரவகங்களில் பனுவல் வகை

அமெரிக்காவின் பிரௌன் தரவகம் 1961 இல் அச்சான ஆங்கில எழுத்துகளை 15 வகைகளாகப் பிரித்து, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 மாதிரிகளாக அமைத்தது. 1988 இல் டக்ளஸ் பைபர் 67 மொழிக்கூறுகளை எண்ணி, அவற்றுள் எவை சேர்ந்து வருகின்றன என்பதைக்கொண்டு பேச்சு, எழுத்து வகைகளை ஒப்பிட்டார். இந்திய அரசு 1991 இல் தொடங்கிய தரவகத் திட்டம் இலக்கியம், சமூக அறிவியல், வணிகம், ஆட்சி மற்றும் ஊடக மொழி எனப் பனுவல்களை வகைப்படுத்தியது. எனினும் அதுவும் எழுத்துமொழித் தரவகமே. 2007 இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் க. நாராயண மூர்த்தி உள்ளிட்டோர் தெலுங்குத் தரவகங்களின் புள்ளியியல் ஆய்வை வெளியிட்டனர்.

முடிவுரை

நாளிதழ்களை மட்டும் எண்ணினால் ‘தெரிவித்தார்’ என்னும் வினை முன்வரிசையில் நிற்கும். ஏர், நாற்றங்கால், களம் பற்றிய உழவர் சொற்கள் ஏறத்தாழ இல்லாதனவாகத் தோன்றும். அவ்வெண்களைக்கொண்டு அகராதியோ பாடநூலோ உருவாக்கினால், வழக்கிலுள்ள சொற்களும் அருகிய சொற்களாகவே பதிவாகும். எனவே தமிழ்ப் புள்ளியியல் ஆய்வுகள், மொத்த எண்ணிக்கையோடு நில்லாது பனுவல் வகைதோறும் 1,000 சொற்களுக்கு இத்தனை எனத் தனித்தனியே அளவு தருவதும், வாய்மொழித் தரவுக்கு உரிய இடமளிப்பதும் இன்றியமையாதன எனலாம்.