காரணம் சொல்ல வேண்டும்

தமிழில் 'குடி' என்ற சொல் மிகவும் பொல்லாத சொல். குடி என்றால் குடும்பம். குடி என்றால் வீடு. குடி என்றால் அரசனுக்கு உட்பட்ட பிரஜை. மூன்று பொருளும் ஒரே சொல்லில் வந்து அடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்க இடம் உள்ளவன்தான் குடும்பம் நடத்த முடியும். ஊரில் நாலு பேர் நடுவே நிமிர்ந்து பேசவும் அவனால்தான் முடியும். அப்படியானால், "இடத்தைக் காலி செய்" என்று நினைத்த நேரத்தில் சொல்லக்கூடியவன் வெறும் சுவருக்கும் கூரைக்கும் மட்டுமா சொந்தக்காரன்? உள்ளே இருப்பவனின் வாய்க்கும் அவன் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான்.

நான் கதை எழுதுகிறவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் குடிக்கூலிச் சட்டங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் யாரோ ஒருவர் யாரையோ வெளியே போகச் சொன்ன சத்தம் கேட்கிறது. சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் என்ற மூன்று ஊர்களைச் சுற்றி வந்தால் இருநூறு வருஷத்துச் சத்தத்தையும் கேட்டுவிடலாம்.

பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பெனிக்கு வந்த ஜாகீர் சீமையில் அதுவும் ஒரு பகுதி. பின்னாளில் செங்கற்பட்டு ஜில்லா என்று பெயர் பெற்ற இந்தச் சீமையில் கிராம நிலங்கள் மிராசுதார்களின் காணியாக இருந்தன. அவர்களிடம் நிலம் வாங்கிப் பயிரிட்ட குடிகளுக்குப் பாயகாரிகள் என்று பெயர். திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயத்தோடு நாம் நினைவில் வைத்திருக்கும் எல்லிஸ் துரை, மிராசு உரிமையைப் பற்றிச் சர்க்கார் கேட்ட கேள்விகளுக்கு விரிவான பதில் எழுதினார். அது 1818-ல் அச்சாயிற்று. பாயகாரிகள் இரண்டு வகை என்று அதிலே காண்கிறோம். ஊரிலேயே பரம்பரையாகக் குடியிருப்பவன் உள்குடி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து வரும்வரை மிராசுதார் அவனை எழுப்ப முடியாது. அவனுக்குப் பின் அவன் மகன் உழுவான். வெளியூரிலிருந்து வந்து தவணை பேசிப் பயிரிடுகிறவன் பரகுடி. தவணை முடிந்தால் அவன் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

சட்டசபை இல்லை, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி இல்லை. ஆயினும் சொந்தக்காரனின் கைக்கு ஊர் வழக்கம் ஒரு வரம்பு கட்டியிருந்தது. வீட்டுக்காரர்களின் சொத்துரிமையில் கை வைப்பது வெள்ளைக்காரனிடமிருந்தோ சமதர்மக்காரரிடமிருந்தோ வந்த புதுமை என்று நினைப்பவர்கள் இந்த உள்குடியை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழமையைப் புகழ்ந்துவிட்டு இதோடு எழுந்துவிடவும் கூடாது. உள்குடி, பரகுடி என்ற இரண்டு கணக்கிலும் சேராத ஜனங்கள் அதே கிராமங்களில் இருந்தார்கள். நாற்று நட்டவர்களும் அறுவடை செய்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. சேரியில் அவர்களுடைய குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது என்று சொல்லப்பட்டது. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ல் ஆதிதிராவிட மக்களின் நிலையைப் பற்றிச் சர்க்காருக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத அவலம் அதிலே பதிவாயிற்று. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசை போய்விடும் என்ற நிலையில் யார் வாய் திறப்பார்கள்? சவுக்கு வேண்டாம், சங்கிலி வேண்டாம்; மனை ஒன்று போதும். இந்தக் குறிப்பை அடுத்து 1892-ல் பிறந்த அரசாணையின் வழியாகத்தான் பின்னால் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட நிலங்கள் ஒதுக்கப்பட்டன. மனைப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வர மேலும் எழுபது வருஷம் ஆயிற்று.

பட்டணத்தில் வேறொரு வகைத் தகராறு. பிறர் மனையைத் தரை வாடகைக்கு எடுத்து, அதன்மேல் தன் காசில் வீடு கட்டிக்கொண்டவர்கள் சென்னையில் ஏராளம். மனைவிலை ஏறியதும் மண்ணுக்குச் சொந்தக்காரர், "உன் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போ" என்றார். ஓட்டையும் மரத்தையும் எடுத்துப் போகலாம். சுவரை எப்படி எடுத்துப் போவது? இவர்களுக்காக வந்ததுதான் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம்; 1922-ன் மூன்றாவது சட்டம். நியாயமான வாடகை கொடுத்துவரும்வரை வெளியேற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இவர்கள் கட்டினார்கள், ஆகவே பாதுகாப்புத் தேவை என்று அதன் முகவுரை சொல்லுகிறது. நம்பிக்கை என்ற வார்த்தையைச் சட்டத்தின் தலைவாசலில் கண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியேற்றுவதானால் கட்டடத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் விரும்பினால் நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு மனையையே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். மண்ணுக்கு உடையவனை விற்கச் சொல்லும் துணிச்சல் அந்தக் காலத்திலேயே சட்டத்துக்கு வந்துவிட்டது.

வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுக்கோ யுத்தம்தான் தாய். முதல் மகாயுத்தத்தின்போது கிளாஸ்கோ நகரத்துக் கப்பல் பட்டறைகளுக்கும் வெடிமருந்துச் சாலைகளுக்கும் தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பட்டறையிலும் போர்முனையிலும் இருக்க, மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருவில் இறங்கி, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தார்கள். 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவிலேயே நிறுத்திச் சட்டம் செய்தது.

அதே கதை இரண்டாம் யுத்தத்தில் நம் ஊருக்கு வந்தது. ஆவடியில் பெரிய ராணுவத் தளம் எழுந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941-ல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் பட்டணமே காலியாயிற்று; வீட்டுக்காரர்களே வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். பீதி தணிந்து ஜனங்கள் திரும்பியபோது, போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். யுத்தம் முடிந்தும் நெருக்கடி முடியவில்லை. உத்தரவு 1946-ல் சட்டமாயிற்று. 1949-ல் புதிய சட்டமாயிற்று. 1940 ஏப்ரலுக்கு முந்திய ஒரு வருஷத்தில் நிலவிய வாடகையே நியாய வாடகைக்கு அடிப்படை என்று வைத்தார்கள். பருப்பு விலை ஏறிற்று, செங்கல் விலை ஏறிற்று. வாடகைக்கு மட்டும் 1940-ஐத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்கள்.

பிறகு ஆவடி. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம மாதிரியான சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. காமராஜர் முதல் மந்திரி. மேடைத் தீர்மானங்களைப் பந்தல் பிரிக்கும்போதே மறந்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் அப்படி முழுவதும் மறந்துவிடவில்லை. உழுகிற குத்தகைதாரரைக் காரணமின்றி நிலத்திலிருந்து எழுப்பக்கூடாது என்ற சட்டம் 1955-ல் சென்னை ராஜ்யத்தில் வந்தது. 1922-ன் நகரச் சட்டத்தைப் பிற நகராட்சிகளுக்கும், சென்னையைச் சுற்றி ஐந்து மைலுக்குள் சர்க்கார் குறிப்பிடும் கிராமங்களுக்கும் விரிக்க வழி செய்ததும் அதே ஆண்டில்தான். சர்க்கார் எடுத்துக்கொள்ளும் சொத்துக்குக் கொடுக்கும் ஈடு போதுமா என்று நீதிமன்றம் கேட்க முடியாதபடி அரசியல் சட்டத்துக்கு நான்காவது திருத்தம் வந்ததும் 1955-ல். சேரி மனைகளின் முறை 1961-ல் வந்தது: விவசாயத் தொழிலாளரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றத் தடை. 1971-ல் அந்த மனைகள் அவர்களுக்கே சொந்தமாயின. டிரெமன்ஹீர் எழுதிய குறிப்புக்கு எண்பது வருஷம் கழித்துப் பதில் வந்தது.

இதற்குள் அம்பத்தூர் மாறிவிட்டது. 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை, 1961-ல் பக்கத்து ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அறுபதுகளில் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்கள் இரவில் எங்கே படுப்பது? தோட்டங்களிலும் வயல் ஓரங்களிலும் வரிசை வீடுகள் எழுந்தன. ஒரு கிணறு, ஒரு கொல்லை, எட்டுக் குடித்தனம். 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்ற பழமொழியை ஒண்டுக் குடித்தனக்காரரைத் தவிர வேறு யாரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

இவர்களுக்குப் புகலிடமாக இருந்தது 1960-ன் சட்டம். அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வெளியேற்ற வேண்டுமானால் காரணம் சொல். வாடகையை வேண்டுமென்றே பாக்கி வைத்தான், மேல்வாடகைக்கு விட்டான், கட்டடத்தைப் பாழ்படுத்தினான், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையானான், எனக்கே குடியிருக்க வீடு வேண்டும், இடித்துக் கட்டப் போகிறேன் என்று எண்ணி எடுத்த சில காரணங்கள்தாம் செல்லும். "உன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை" என்பது அந்த ஜாபிதாவில் இல்லை. ஒரு பகுதியில் தான் குடியிருக்கும் வீட்டுக்காரர் மறு பகுதியும் வேண்டும் என்று கேட்டால், அவருக்கு வரும் வசதியையும் இவருக்கு வரும் கஷ்டத்தையும் தராசில் வைத்துப் பார்க்கச் சட்டம் சொல்லிற்று. தண்ணீரை நிறுத்தி விரட்டுவதையும் தடுத்தது.

வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பாக்கிக்காரன் என்று வழக்குப் போடும் சாமர்த்தியத்துக்கும் மருந்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கையில் வாங்காவிட்டால் மணியார்டர் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டரில் அனுப்பலாம். அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டலாம். கீழ்க் கட்டில் இருப்பவர் மாடியில் இருப்பவருக்குத் தபால் ஆபீஸ் வழியாகப் பணம் அனுப்பும் காட்சியை எந்த நாவலாசிரியன் கற்பனை செய்வான்? பத்துப் படி ஏறினால் தீர்கிற காரியத்துக்கு ஒரு தபால்காரர். ஆனால் அந்தப் பத்துப் படிகளில்தான் கோபம், குத்தல் பேச்சு, குழந்தைகள் முன்னால் அவமானம் எல்லாம் காத்திருக்கின்றன. தபால்காரர் கொண்டுவந்து தரும் சின்ன ரசீதை மஞ்சள் பையில், ரேஷன் கார்டோடும் ஜாதகத்தோடும் சேர்த்து வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு. அதுதான் அவர்களுடைய பட்டா.

வீட்டுக்காரர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நடுநிலையாளன் ஆக மாட்டேன். வீட்டுக்காரர் என்றதும் தொப்பையும் தங்கச் சங்கிலியும் நினைவுக்கு வருவது சினிமாப் பழக்கம். அம்பத்தூரில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களில் பலர் தாமே தொழிலாளிகள். பிராவிடெண்ட் பண்டை எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, முன்பக்கம் ஒரு கட்டு, பின்பக்கம் ஒரு கட்டு எழுப்பியவர்கள். 'வீட்டைக் கட்டிப் பார்' என்ற பழமொழியின் வடு இன்னும் ஆறாதவர்கள். இப்படிப்பட்டவருடைய விதவை தன் சொந்தக் கூரைக்காக அப்பீலுக்குமேல் அப்பீலாக வருஷக் கணக்கில் அலைந்தால், 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்று அவள் சொல்வதில் என்ன தப்பு? பயந்துபோனவர்கள் வீட்டைப் பூட்டிப் போட்டார்கள். சிலர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் அடைக்கலம் தேடினார்கள். ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது என்று சட்டம் சொல்ல, சென்னை முழுவதும் பத்து மாத அட்வான்ஸ் தர்மமாகிவிட்டது. பாதுகாப்பின் விலையைப் புதிதாக வீடு தேடுகிறவன் கொடுத்தான்.

சர்க்காரும் இந்த இக்கட்டை உணராமலில்லை. புதிய கட்டடங்களுக்கு ஐந்து வருஷம் விலக்குக் கொடுத்தது. மாதம் 400 ரூபாய்க்குமேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்கும் விலக்குக் கொடுத்தது. கடைக்கு எவ்வளவு வாடகை கொடுத்தாலும் பாதுகாப்பு உண்டு, குடியிருக்கும் வீட்டுக்கு 400-ஐத் தாண்டினால் இல்லை என்பது சம நீதி ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் அந்த விலக்கை ரத்துச் செய்தது. இதற்கு முன்பே, 1978-ன் நாற்பத்து நான்காவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து இறங்கிச் சாதாரணச் சட்ட உரிமையாகிவிட்டது.

1960-ன் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. நியாய வாடகை என்ற பேச்சு போய்விட்டது. வாடகை இருவரும் பேசிக்கொள்வது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்குமேல் போகக்கூடாது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால் அதுவே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம். வீட்டுக்காரருக்குப் பயம் தெளிந்தால் பூட்டிய வீடுகள் திறக்கும் என்பது இதன் நோக்கம். அது நல்ல நோக்கமே. ஆனால் வாய்ப்பேச்சில் குடிவந்து, கையில் ரசீதுகூட இல்லாமல் இருக்கிற கட்டடத் தொழிலாளியையும் வடக்கேயிருந்து வந்த பையனையும் எண்ணிப் பார்க்கிறேன். ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கும் தைரியம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். காகிதம் இல்லாதவர்களுக்குக் காகிதத்தையே கேடயமாகக் கொடுத்திருக்கிறோம்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆவடி 2019-ல் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. உள்குடி உழுத வயல்களில் அடுக்கு மாடிகள் நிற்கின்றன. அங்கே இன்று குடியிருப்பவர்களில் அநேகமாக எல்லோருமே வெளியூரிலிருந்து வந்து தவணை பேசிக்கொண்ட பரகுடிகள். தவணை முடிந்தால் போகவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீடு வீட்டுக்காரருடையது என்பதும் தெரியும். அவர்கள் கேட்பது சொத்தில் பங்கு அல்ல. போகச் சொல்கிறவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை மூன்றாம் மனிதர் ஒருவர் கேட்டு எடை போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிகிறவரையிலாவது தவணை வேண்டும். எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் இந்த மூன்றும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு. வாடகை வீட்டில் இருப்பவனும் குடிதான்.