கலைஞர்க்குப் படியளந்தவர் யார்? – ஒரு வரலாற்று நோக்கு

‘படம் வரைந்தால் பசி தீருமா?’ கலைக் கல்லூரியில் சேர ஆசைப்படும் பிள்ளையிடம் நம் கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களில் கேட்கப்படும் கேள்வி இது. கேள்வி தப்பில்லைங்க. நானும் வியாபாரி; வரவு செலவு பார்த்தே பழகியவன். ஆகவே கலைஞர்க்குப் படியளந்தவர் யார் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலானேன்.

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் அவளுக்குக் கிடைத்தன. விலை வைத்தவன் அரசன். அந்த மாலையோ நகர வீதியில் விலைக்கு வந்தது, கோவலன் வாங்கினான். மாலையோடு அவள் வாழ்வும் கைமாறியது.

அடுத்தது கடைத்தெரு. நம்மவர் பலர் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கம்தான் காளிகாட். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பட்டுவா ஓவியர்கள் மில் காகிதத்தில் மளமளவென்று படம் தீட்டி யாத்திரிகர்க்கு மலிவாக விற்றார்கள். அரசன் தயவு தேவைப்படவில்லை. ஆனால் அச்சடித்த வண்ணப் படங்கள் அதைவிட மலிவாக வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

மூன்றாவது வழி உத்தியோகம். அவனீந்திரநாத் தாகூரின் மாணவரான வங்காளி தேவிபிரசாத் ராய் சௌத்ரி (1899–1975), 1929இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1959இல் மெரினாவில் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். சம்பளம் சோறு போட்டது, சிலையும் பிறந்தது. ஆனால் நாற்காலி ஒன்று, மாணவர் பலர். மற்றவர் கதி?

அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), கோவையில் பிறந்தவர். தந்தித் துறையிலும் இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் வேலை பார்த்துவிட்டுக் கலை படிக்க வந்தவர். பசியின் கணக்குத் தெரிந்தவர். 1957இல் அதே பள்ளிக்குத் தலைவரானார். படிப்பு முடித்த பிள்ளைகள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடக் கூடாதே என்று யோசித்தார். கலைஞர்கள் கூடி பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசைக் கொண்டு நிலம் வாங்கி, 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினார்கள். அது இன்றும் இருக்கிறது.

இதில் வணிகனாகிய என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. அவர்கள் வயிற்றுக்கு ஒரு பேரேடு, கலைக்கு ஒரு பேரேடு என்று பிரித்தார்கள். துணி வாங்குபவன் விருப்பப்படி துணி. ஓவியமோ தம் விருப்பப்படி. காளிகாட் ஓவியர்க்கு இரண்டும் ஒரே பேரேடு. விற்பனை நின்றதும் கலையும் நின்றது.

கலைஞனாக வாழ்வது என்றால் பட்டினி கிடப்பது என்று பொருளல்ல. யாரிடம் காசு வாங்குகிறோம், அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்ற தெளிவோடு வாழ்வது. ஆகவே பெற்றோர்களே, ஓவியம் கேட்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். கூடவே ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்புங்கள். சோழமண்டலம் அப்படித்தான் எழுந்தது.