புறத்தார் கண்ணும் அகத்தார் சொல்லும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு முற்பகல் கால்நடையாகச் சுற்றி வருவோர் பல சமயங்களின் வாயில்களைக் கடந்து செல்வர். இலங்கைச் சைவர்கள் எடுப்பித்த கந்தசுவாமி கோயில் ஒருபுறம். 1894இல் சிங்கள அன்பர்கள் கண்ட சங்கத்தின் வழிவந்த பௌத்த மகா விகாரை மற்றொருபுறம். கத்தோலிக்கர் ஆலயம், லூதரன் திருச்சபை, சீனர் கோயில், தொழுகையிடம் என்று வரிசை நீளும். இத்துணை நெருங்கி வாழ்ந்தும், ஒரு வாயிலில் புகுவோர் அடுத்த வாயிலின் உள்ளே நடப்பதை அறிந்துளரோ எனின், பெரும்பாலும் இல்லை என்றே சொல்லவேண்டும். அறிந்ததாக நினைப்பது வேறு, அறிவது வேறு. ஒரு சமயத்தைப் பற்றிப் புறத்தார் கொள்ளும் கருத்து எங்ஙனம் உருவாகிறது, அது எந்த அளவிற்கு நம்பத்தக்கது என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்கு வந்த மூவர்

நாம் எடுத்துக்கொள்ளும் சமயம் மார்மோன் சமயம். அமெரிக்காவில் 1805இல் பிறந்த ஜோசப் ஸ்மித் என்பார் தமக்குத் தேவதூதர் காட்டிய பொன்னேடுகளிலிருந்து பெயர்த்ததாகக் கூறி, 1830இல் ‘மார்மோன் நூல்’ என்பதை வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு சபையையும் நிறுவினார். சபை வளர, பகையும் வளர்ந்தது. 1838இல் மிசூரி மாநில ஆளுநர் மார்மோன்களை மாநிலத்தினின்றும் துரத்த வேண்டும், அன்றேல் அழித்தொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவ்வாணை முறைப்படி நீக்கப்பட்டது 1976இல்தான். 1844இல் ஸ்மித்து சிறைக்கூடத்தில் இருந்தபோது ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. எஞ்சினோருள் பெரும்பகுதியினர் பிரிகாம் யங் என்பவர் தலைமையில் மேற்கே சென்று, 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். சால்ட் லேக் நகரம் தோன்றிய வரலாறு இதுவே.

1852 ஆகஸ்டு மாதம் அந்நகரில் கூடிய மாநாட்டில் இரண்டு முடிவுகள் வெளியாயின. ஒன்று, நூற்றுக்கு மேற்பட்டோரை உலகின் பல பகுதிகளுக்குப் போதகராக அனுப்புவது. மற்றொன்று, அதுகாறும் மறைவாக இருந்துவந்த பலதார மணத்தைத் தம் சமயக் கொள்கை என்று வெளிப்படையாக அறிவிப்பது. போதகர்கள் ஒரு கையில் வேதநூலையும் மறு கையில் இந்த அறிவிப்பையும் சுமந்து புறப்பட்டனர் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தியாவிற்கும் சயாமிற்கும் என்று குறிக்கப்பட்ட பதின்மூவர் 1853 தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அவர்களுள் ரிச்சர்டு பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன் ஆகிய மூவர் அவ்வாண்டு நடுவில் சென்னைப் பட்டினம் அடைந்தனர். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் முதல் ஞாயிற்றுப் பள்ளியை 1849இல் தம் இல்லத்திலேயே தொடங்கியவர். இருவர் இலங்கைக்குச் சென்று, எதிர்ப்பு மிகுதியால் நிலைகொள்ள இயலாது பம்பாய் நோக்கிச் சென்றனர்.

சென்னையில் நடந்தது யாது? இவர்கள் வாய் திறக்குமுன்பே இவர்களைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் பாதிரிமாருக்கும் மார்மோன் என்ற சொல்லின் பொருள் ஒன்றே: பல மனைவியரைக் கொள்வோர். பாதிரியார் ஒருவர் ‘மார்மோனியம் என்றால் என்ன?’ என்னும் தலைப்பில் ஒரு துண்டு நூல் எழுதினார். பாலன்டைன் 1853இலேயே அதற்கு மறுப்பு எழுதி அச்சிட்டார். அடுத்த ஆண்டில் பலதார மணத்தைப் பற்றி இருவர் உரையாடுவது போன்ற சிறு நூலொன்றையும், சென்னையிலிருந்தே ஒரு மாத வெளியீட்டையும் கொண்டுவந்தார். ஆபிரகாமும் யாக்கோபும் பல மனைவியரைக் கொண்டவர் அல்லரோ, அவர்களைப் பிதாக்கள் என்று போற்றும் நீங்கள் எங்களை இகழ்வது எங்ஙனம் என்பதே மார்மோன் தரப்பார் எங்கும் எழுப்பிய வினா.

இவ்வளவு அச்சிட்டும் பயன் மிகச் சிறிது. சேர்ந்தவர் மிகச் சிலர். அவருள்ளும் ஐரோப்பிய மரபினரே பெரும்பாலோர். தமிழ் அறியாதவர் தமிழ்நாட்டில் யாரிடம் பேசுவது? பிற சங்கத்தார் பள்ளியும் மருத்துவச்சாலையும் நடத்தி, உள்ளூர் உபதேசிமாருக்குச் சம்பளமும் அளித்துவந்தனர். பணப்பையின்றி ஊர் சுற்றிய இவர்களால் அது கூடவில்லை. 1854இல் பாலன்டைன் சென்னையை விட்டுச் சென்றார். 1856க்குள் இந்திய முயற்சியே முடிவுற்றது.

அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில்

இனி, பாலன்டைன் சென்னையில் மறுப்பு நூல்கள் அச்சிட்ட அதே 1854ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த மற்றொரு மறுப்பு நூலை நினைவுகூர்வோம். அஃது ஆறுமுக நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’. கல்லை வணங்குவோர், சாம்பல் பூசுவோர், பொய்க்கதை நம்புவோர் என்று பாதிரிமார் சைவரைப் பழித்தபோது, நாவலர் அவர்தம் வேதநூலையே கையில் எடுத்தார். ஆலயம், விளக்கு, தூபம், படையல், திருவிழா, தீட்டும் தூய்மையும் ஆகிய யாவும் யூதருக்கு விதிக்கப்பட்டனவாக உங்கள் நூலில் உள்ளனவே; அங்குப் புனிதமானது இங்கு எங்ஙனம் இழிவாகும் என்று வினவினார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கிய பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. அந்நூலின் வன்மையைப் பாதிரிமாருள் சிலரும் ஒப்புக்கொண்டனர்.

பாலன்டைனுக்கும் நாவலருக்கும் நாம் தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை. கொள்கையால் இருவரும் இரு துருவம். ஆயினும் இருவரும் நின்ற இடம் ஒன்றே. இருவரையும் பழித்தவர் புராட்டஸ்டண்டுப் பாதிரிமார். இருவரும் ஏந்திய கருவி அச்சுப்பொறி. இருவரும் எதிரியின் நூலைக் கொண்டே எதிரியை மடக்க முற்பட்டனர். தன்னைப் பற்றிப் பிறர் சொன்னதையே உலகம் நம்பும்போது, பழிக்கப்பட்டவன் செய்யக்கூடியது இதுவே போலும். நாவலர் மரபில் வந்த யாழ்ப்பாணத்தார் இருப்புப்பாதை அலுவலகங்களிலும் பிற அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய மலாயாவிற்கு வந்து பிரிக்பீல்ட்சில் கோயில் எடுத்தபோது, அந்த 1854இன் எதிரொலியும் அவர்களுடன் கப்பலேறி வந்தது எனலாம்.

ஒன்றைக் கண்டு அனைத்தையும் கண்டதாகக் கொள்ளல்

புறத்தார் பார்வையின் முதற்குறை, கண்ணைப் பறிக்கும் ஒன்றைக் கொண்டு முழுமையையும் அளப்பது. மார்மோன்களுக்குப் பலதார மணம் எப்படியோ, நமக்குப் பத்துமலையில் அலகு குத்துவது அப்படி. 1890களில் தொடங்கிய அத்தைப்பூச விழாவைப் படம்பிடித்த அயல்நாட்டார் கன்னத்தில் பாய்ந்த வேலைக் கண்டனர். அதற்குமுன் நோற்ற விரதத்தையும், நேர்த்திக்கடனுக்குக் காரணமான நோயையும் துயரையும் கண்டவர் சிலரே.

இரண்டாவது குறை, கதை வரலாற்றின் இடத்தைப் பிடிப்பது. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நவீனத்தில் மார்மோன்கள் பெண்ணைக் கவர்ந்து வலிய மணம் முடிக்கும் கொடியவராக வருகின்றனர். கோடிக்கணக்கானவர் அக்கதை வாயிலாகவே அவர்களை அறிந்தனர்.

மூன்றாவது குறை, காலத்தை மறத்தல். மார்மோன் சபைத் தலைவர் 1890இல் பலதார மணத்தைக் கைவிடுமாறு அறிக்கை விடுத்தார். 1904இல் அது மேலும் உறுதியாக்கப்பட்டது. இன்று அச்சபையில் அவ்வாறு மணப்போர் விலக்கப்படுவர். அதனை விடாது பற்றியிருப்போர் பிரிந்துபோன தனிக் குழுவினர். இங்கு நாமும் சற்று எண்ணவேண்டும். இந்துக்கள் ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணப்பதைச் சென்னை மாநிலச் சட்டம் தடுத்தது 1949இல். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு அத்தடையை விதித்த சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச்சுத் திங்கள் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. மார்மோன்களைக் கண்டு நகைப்போர் இந்த ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். அன்றைய சென்னையிலும் பல மனைவியரை உடைய செல்வரும் ஜமீன்தாரும் இருக்கவே செய்தனர். பாதிரிமாரை அதிரவைத்தது அச்செயல் மட்டுமன்று. வெள்ளையரும் கிறிஸ்துவின் பெயரைச் சொல்வோருமாகிய மாந்தர் அதைச் செய்தனர் என்பதே.

அகத்தார் சொல் முற்றும் மெய்யோ?

ஆயின் அகத்தாரைக் கேட்டால் உண்மை விளங்கிவிடுமோ? அதுவும் அத்துணை எளிதன்று. 1850இல் பிரான்சு நாட்டில் நடந்த பொது வாதத்தில் ஜான் டெய்லர் என்னும் மார்மோன் தலைவர், தம்மவரிடம் பலதார மணம் இல்லை என்றார். அப்போதே அவருக்கு மனைவியர் பலர் இருந்தனர். இரண்டாண்டு கழித்துச் சபையே அதை அறிவித்தபோது, முன்னைய மறுப்பு என்னாயிற்று என்று உலகம் வினவியது முறையே. 1857இல் யூட்டா வழியே சென்ற குடியேறிகள் ஏறத்தாழ 120 பேரை மார்மோன் படையினர் கொன்ற மவுண்டன் மெடோஸ் படுகொலையும் வரலாற்றில் உண்டு. ஆப்பிரிக்க மரபினருக்குக் குருத்துவம் மறுத்துவந்த விதியை அச்சபை 1978இல்தான் நீக்கியது. இவற்றைச் சுட்டினோர் அனைவரையும் தூஷணக்காரர் என்று ஒதுக்குதல் தகாது. பழிக்கப்பட்டவன் என்பதனாலேயே ஒருவன் பிழையற்றவன் ஆகிவிடான்.

மேலும் அகத்தார் என்போர் ஒரே குரலில் பேசுவோரும் அல்லர். நாவலரே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்திற்கு மாறாக நடப்பவை எனத் தாம் கருதியவற்றைக் கண்டித்தார். 1930களில் மலாயா, சிங்கைத் தமிழர் சீர்திருத்த இயக்கத்தார் அலகுக் காவடியையும் தீமிதியையும் எதிர்த்து எழுதினர். அக்காலத்தில் சைவம் என்பது யாது என்று அயலான் ஒருவன் கேட்டிருப்பின், அவன் கேட்ட ஆளைப் பொறுத்தன்றோ விடை மாறியிருக்கும்!

ஒப்புமை என்னும் வழுக்கல்

பகைமை மட்டுமன்றி, நட்பு நிறைந்த பார்வையும் சில வேளைகளில் வழுக்கும். மார்மோன்கள் இறந்த முன்னோரின் பொருட்டு உயிரோடிருப்போரை நிறுத்தி ஞானஸ்நானம் செய்விப்பர். அதற்காகவே தலைமுறைப் பட்டியல்களைத் தேடித் தொகுப்பர். 1894இல் தொடங்கிய அவர்தம் மரபுவழிச் சங்கம் உலகெங்குமிருந்து பதிவேடுகளைத் திரட்டியது. தென்புலத்தாரைப் பேணுதலை இல்லறத்தானின் கடனாகக் கொண்ட நமக்கு, ஆடி அமாவாசை போன்றதுதானே இதுவும் என்று தோன்றும். அவ்வாறு முடிவு கட்டுவது அவசரம். நாம் தருவது நம் குலத்து முன்னோருக்கு நீரும் பிண்டமும். அவர்கள் தருவது தம் சபையில் சேரும் வாய்ப்பு. நாஜிகளால் மாண்ட யூதரின் பெயரால் இச்சடங்கு நிகழ்ந்தது கண்டு யூதர் கொதித்தெழுந்தமையும், 1995இல் அதனை நிறுத்த உடன்பாடு ஏற்பட்டமையும் இவ்வேறுபாட்டை விளக்கும். புறத்தார் சினத்தில் நியாயமும் இருக்கக்கூடும் என்பதற்கு இதுவும் சான்று.

பெயரிலும் ஒரு பாடம் உண்டு. மார்மோன் என்பது பிறர் இட்ட பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரால் தம்மை அழைக்குமாறு அச்சபைத் தலைவர் 2018இல் வேண்டினார். ‘இந்து’ என்ற பெயரும் சிந்து நதிக்கு அப்பாலிருந்தோர் இட்டதே என்பதை நினைவில் கொள்வோருக்கு அவ்வேண்டுகோள் விந்தையாகத் தோன்றாது.

நமக்குரிய கடமை

இச்சபையினர் பின்னர்த் தமிழரிடையேயும் வந்தனர். கோயம்புத்தூரில் தமிழர் ஒருவர் தற்செயலாகக் கிட்டிய துண்டு வெளியீட்டைப் படித்து, ஆண்டுக்கணக்கில் கடிதத் தொடர்பு கொண்டு, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய மிஷன் அமைந்தது. கோலாலம்பூரிலும் அவர்களுக்குச் சிறு சபைகள் உண்டு. தேநீரும் காப்பியும் மதுவும் புகையிலையும் தொடாதவர் அவர்கள். கிள்ளானில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விருந்தில் தேநீரை மறுத்தால், அதனைச் செருக்கென்று கொள்வோரும் இருப்பர். 1833இல் தோன்றிய நெறியொன்றைக் காப்பதாக உணர்வோரும் இருப்பர். அப்பிள்ளை தாய்வீட்டோடு உறவாக நிற்பதும் பிரிவதும் பல வேளைகளில் இத்தகைய சிறு அறிவைப் பொறுத்தே அமைகின்றன.

நம் ஆசிரியப் பெருமக்கள் முன் பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்துள்ளனர். அயல் சமயம் பற்றிய செய்தி ஒன்று வகுப்பில் எழும்போது, இதனைச் சொன்னவர் யார், எந்த ஆண்டின் நிலைமை இது, அச்சமயத்தார் தாமே இதற்கு என்ன சொல்கின்றனர், அவருள் மாறுபட்டுச் சொல்வோர் உளரா என்று கேட்கப் பழக்கினால் போதும். நாவலர் தம்மைப் பழித்தோரின் நூலை வரிவரியாகக் கற்ற பின்னரே மறுத்தார். மறுப்பதற்கே அத்துணைக் கல்வி வேண்டுமெனின், அயலாரைப் பழிப்பதற்கு முன் நாம் கற்கவேண்டியது எவ்வளவு!