ஏட்டில் ஏறாத ஊர்கள்

ஓர் ஊர் எப்போது ஊராகின்றது? நாலு வீடும், ஒரு கோயிலும், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்தால் அது ஊர் என்பது எமது வழக்கு. அங்கு பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் சான்று எதுவும் தேவைப்படுவதில்லை. ஆனால், அரசாங்கங்களின் ஏடுகளுக்கு இது போதாது. அவற்றுக்கு எல்லை வேண்டும், தலைக்கணக்கு வேண்டும், ஊரின் பெயர் ஏதோவொரு பட்டியலில் அச்சேறியிருக்க வேண்டும். அச்சேறாத ஊர், அதனை அறிந்த கடைசி மனிதரோடு மறைந்து போகின்றது.

புலம்பெயர்ந்து வாழும் எமக்கு இது வெறும் தத்துவ விசாரம் அன்று. எமது பிள்ளைகள் பெற்றோரின் ஊர்ப் பெயரைக் கணினியில் எழுதித் தேடுகின்றனர். சில ஊர்களுக்கு விரிவான கட்டுரை கிடைக்கின்றது. சிலவற்றுக்கு ஒரேயொரு வரி. பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் ஒரு மூலையிலுள்ள சிற்றூர்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்ற வரலாற்றை நாம் ஒருமுறை நோக்குவது பயனுடையதாகும்.

முப்பதினாயிரம் எலும்புக்கூடுகள்

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற கொள்கையுடன் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் 2001ஆம் ஆண்டு தை மாதம் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 2002 ஒக்டோபரில், அதன் பங்களிப்பாளர் ஒருவர் ‘ராம்பொட்’ எனப்பட்ட ஒரு கணினி நிரலை இயக்கினார். அமெரிக்க அரசின் 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரங்களை அந்நிரல் எடுத்து, ஏறத்தாழ 30,000 ஊர்களுக்கும் கவுண்டிகளுக்கும் தானாகவே கட்டுரை எழுதியது. அக்காலத்தில் ஆங்கிலக் களஞ்சியத்தில் இருந்த கட்டுரைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இவ்வாறு இயந்திரத்தால் எழுதப்பட்டதாக இருந்தது.

கவுண்டி என்பது அங்கு மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. எமது மாவட்டத்துக்கு ஒப்பானது எனக் கொள்ளலாம். ரெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் 254 கவுண்டிகள் உள்ளன.

இயந்திரம் எழுதிய கட்டுரைகளில் என்ன இருந்தது? சனத்தொகை எவ்வளவு, குடும்பங்கள் எத்தனை, வருமானம் யாது, நிலப்பரப்பு எத்துணை என்பன இருந்தன. முதலில் அங்கு குடியேறியவர் யார், ஏன் வந்தனர், எதனை இழந்தனர் என்பவை இல்லை. எலும்பு இருந்தது, தசையும் உயிரும் இல்லை. ஆயினும் எலும்புக்கூடு கிடைத்த ஊர் பேறு பெற்றதே. வெற்றுத்தாளில் எழுதத் தயங்குபவரும் அரைகுறையாக எழுதியதைத் திருத்த முன்வருவர். பின்னாளில் அவ்வூரவர் பலர் வந்து, ஒவ்வொரு வரியாகச் சேர்த்து அக்கட்டுரைகளை நிறைத்தனர்.

விடுபட்ட ஊர்களின் நிலையே வேறு. அமெரிக்காவில் நகரசபை அமைத்துச் சட்டப்படி பதிவு பெற்ற ஊர்களுக்கு எல்லை உண்டு. அவ்வாறு பதிவு பெறாத குடியிருப்புகளில் ஓரளவு பெரியவற்றைக் குடிசன மதிப்பீட்டாளர் 1950ஆம் ஆண்டு முதல் தனியாகக் கணக்கிட்டு வருகின்றனர். எஞ்சிய சிற்றூர்களில் வாழ்வோர் கவுண்டியின் மொத்தத் தொகைக்குள் கரைந்து விடுகின்றனர். அங்குள்ள மனிதர்கள் எண்ணப்படுகின்றனர், ஊர் எண்ணப்படுவதில்லை. எண்ணிக்கை இல்லாத இடத்தில் இயந்திரம் எதனை எழுதும்?

பெயர் சூட்டியவர் யார்?

ரெக்சாசின் கிழக்கெல்லையில், லூசியானா மாநிலத்தை ஒட்டி, சபீன் ஆற்றங்கரையில் அமைந்தது நியூட்டன் கவுண்டி. 1846இல் உருவாக்கப்பட்ட இக்கவுண்டி பைன் மரக் காடுகள் நிறைந்தது. இதன் ஊர்ப் பெயர்களை நோக்கினால், ஏடுகளில் எவ்வகை ஊர்கள் எளிதாக ஏறின என்பது விளங்கும்.

டூயிவில் என்னும் ஊர், 1898இல் மணிலாக் குடாவில் ஸ்பானியக் கடற்படையை வென்ற கடற்படைத் தளபதி ஜோர்ஜ் டூயியின் பெயரைப் பெற்றது. பொன்வீயர் என்னும் ஊர், மர வியாபாரத்தில் ஈடுபட்ட பொன்னர், வீயர் ஆகிய இருவரின் பெயர்களைச் சேர்த்துக் கட்டப்பட்டது. வீயர்கேற் என்பதோ வீயர் மரக் கொம்பனி தனது மர ஆலைக்காகவே அமைத்த ஊர். வீடு, கடை யாவும் கொம்பனிக்கே உரியவை. காடு வெட்டித் தீர்ந்ததும், 1940களின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது, ஊரும் சுருங்கியது. ஆயினும் கொம்பனிக் கணக்குப் புத்தகங்களும், புகையிரதப் பாதைப் படங்களும், தபாற்கந்தோர்ப் பதிவுகளும் அவ்வூர்களின் பெயர்களைக் காத்து வைத்திருந்தன.

தபாற்கந்தோரின் பங்கு இதில் பெரியது. 1901இல் அமெரிக்காவில் 76,945 தபாற்கந்தோர்கள் இருந்தன. அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சத் தொகை. கிராமத்து வீடுகளுக்கே கடிதம் கொண்டுசென்று கொடுக்கும் முறை பரவியதும் சிறு கந்தோர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எனினும், திறந்த ஆண்டும் மூடிய ஆண்டும் பதிவில் நின்றன. கந்தோர் இருந்த ஊருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது எனலாம்.

சிற்றூர்களைப் பற்றி எழுதப் புகுந்த தன்னார்வலர்கள் அரசின் இடப்பெயர்ப் பட்டியலையும் பெரிதும் நம்பினர். அதனால் ஒரு விபரீதமும் நேர்ந்தது. பழைய நிலப்படங்களில் காணப்பட்ட பெயர்களைத் திரட்டியே அப்பட்டியல் ஆக்கப்பட்டிருந்தது. புகையிரதங்கள் விலகி நிற்கும் பக்கப் பாதைகள் சிலவும் அதில் மக்கள் வாழும் இடங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. எவரும் வாழ்ந்திராத அவ்விடங்களுக்கும் களஞ்சியத்தில் கட்டுரைகள் தோன்றின. அவை பின்னாளில் ஆராய்ந்து நீக்கப்பட்டன. வாழாத இடத்துக்கு வரலாறு எழுதப்பட்ட அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த ஊர்கள் பல நிலப்படத்திலேயே இல்லாமல் இருந்தன. இதனைவிடக் கசப்பான முரண் வேறு உண்டோ?

ஊற்றங்கரையில் தோன்றிய ஊர்

நிலப்படத்தில் இல்லாத ஊர்களுள் முதன்மையானவை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமைத்தவை. 1865 யூன் 19இல், கால்வெஸ்ரன் துறைமுகத்தில் வாசிக்கப்பட்ட இராணுவக் கட்டளையின் மூலம் ரெக்சாசிலிருந்த ஏறத்தாழ 250,000 அடிமைகள் தமது விடுதலைச் செய்தியை அறிந்தனர். அவர்களுட் பலர் எவரும் விரும்பாத ஆற்றோரத் தாழ்நிலங்களையும் காட்டு மூலைகளையும் வாங்கி, நெருங்கிக் குடியேறினர். ‘விடுதலைக் குடியிருப்புகள்’ என இன்று வழங்கும் அவ்வூர்களை அவர்கள் வேண்டுமென்றே ஒதுக்குப்புறங்களில் அமைத்தனர். வெள்ளையர் கண்ணில் படாதிருப்பதே அன்று பாதுகாப்பாக இருந்தது. அன்று உயிரைக் காத்த மறைவே பின்னர் வரலாற்றில் இருளாகியது.

நியூட்டன் கவுண்டியிலுள்ள ஷாங்கிள்வில் அவ்வகை ஊர்களுள் ஒன்று. ஜிம் ஷாங்கிள், வின்னி என்னும் தம்பதியர் மிசிசிப்பியில் அடிமைகளாக இருந்தவர்கள். வின்னியும் அவரது மூன்று பிள்ளைகளும் ரெக்சாஸ்காரர் ஒருவருக்கு விற்கப்பட்டனர். ஜிம் தமது எசமானிடமிருந்து தப்பியோடினார். பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் ஏறத்தாழ 400 மைல் கடந்து வந்தார். ஓர் ஊற்றங்கரையில் மனைவியைக் கண்டார். வின்னி சில நாட்கள் அவரை மறைத்து வைத்து உணவளித்த பின்னர், தமது எசமானிடம் உண்மையைக் கூற, அவர் ஜிம்மையும் விலைக்கு வாங்க ஒழுங்கு செய்தார்.

விடுதலைக்குப் பின், 1867 முதல் அவர்கள் நிலம் வாங்கத் தொடங்கினர். ஸ்டீவ் மக்பிரைட் என்பவரோடு இணைந்து காலப்போக்கில் 4,000 ஏக்கருக்கு மேல் உடைமையாக்கினர். தேவாலயங்கள், பஞ்சாலை, மாவரைக்கும் ஆலைகள், பாடசாலைகள் யாவும் எழுந்தன. மக்பிரைட் கட்டிய கல்லூரி 1883 முதல் 1909 வரை இயங்கியது. ஒருகாலத்தில் தாமே விலைப்பொருளாக இருந்தவர்கள், தம் பெயரில் நில உறுதி எழுதிக் கல்லூரியும் கட்டினர் என்பது சாதாரண செய்தியா?

நினைவு ஏடானது எவ்வாறு?

இத்தகைய வரலாற்றைக் கலைக்களஞ்சியத்தில் நேரடியாக எழுதிவிட முடியாது. அங்கு கண்டிப்பான விதி ஒன்று உண்டு. எழுதப்படும் ஒவ்வொரு செய்திக்கும் முன்னரே வெளியான நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். “எனது பாட்டி சொன்னார்” என்பது செல்லாது. பொய்யையும் தற்புகழ்ச்சியையும் தடுப்பதற்கு இவ்விதி அவசியமே. ஆனால், எழுத்தறிவே தடுக்கப்பட்டிருந்த மக்களுக்கு இது உயர்ந்த மதிலாக நின்றது.

ஷாங்கிள்வில் மக்கள் அம்மதிலைக் கடந்தது கணினியால் அன்று. கணினி வருமுன்னரே செய்த வேலையால். 1941 முதல் அவ்வூரின் வழித்தோன்றல்கள், எங்கெங்கோ பிரிந்து வாழ்ந்தபோதும், ஆண்டுதோறும் ஊர் திரும்பி ஒன்றுகூடும் வழக்கத்தை ஏற்படுத்தினர். அங்கு கதைகள் மீண்டும் மீண்டும் கூறப்பட்டன, சவக்காலை பேணப்பட்டது. 1973இல் மாநில அரசின் வரலாற்று நினைவுப் பலகை அங்கு நாட்டப்பட்டது. நாம் மேலே கூறிய ஜிம், வின்னி வரலாறு அப்பலகையில் பொறிக்கப்பட்டதே. பாட்டி சொன்ன கதை அன்று ஆதாரமாகியது.

ரெக்சாஸ் மாநில வரலாற்றுச் சங்கமும் இதில் பெருந்துணை புரிந்தது. 1952இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அதன் ‘ரெக்சாஸ் கைநூல்’ 1996இல் ஆறு தொகுதிகளாக விரிந்தது. 1999இல் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டது. நூறு பேர் வாழாத ஊர்களுக்கும் அதில் தனிக் குறிப்புகள் உண்டு. களஞ்சியத்தில் எழுதப் புகுந்தோருக்கு அவை ஊன்றுகோலாயின.

2014இல் பேராசிரியர் அன்ட்ரியா ரொபேர்ட்ஸ், ரெக்சாசின் விடுதலைக் குடியிருப்புகளை ஆவணப்படுத்தும் திட்டமொன்றைத் தொடங்கினார். இவர் ஷாங்கிள்வில்லிலும் ஆய்வு செய்தவர். 1865க்கும் 1930க்கும் இடையில் தோன்றிய 557 குடியிருப்புகளை அத்திட்டம் பட்டியலிட்டது. அவ்வூர்களின் வழிவந்தோர் தமது நினைவுகளையும் படங்களையும் தாமே சேர்க்கக்கூடிய இணைய நிலப்படமும் உருவாக்கப்பட்டது.

நியூட்டன் நகரிலுள்ள கவுண்டி நீதிமன்றக் கட்டடம் 2000 ஓகஸ்டில் தீக்கிரையாகி, 2012இல் புதுப்பிக்கப்பட்டது. எந்த ஏடும் ஓரிடத்தில் மட்டும் இருத்தலாகாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

எமது வேலை எது?

ஏடு எரிவது பற்றி எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே 1981இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டுக்குப் பின்னர், வடக்குக் கிழக்கில் முழுமையான மதிப்பீடு 2012இலேயே நடைபெற்றது. 2001இல் எடுக்கப்பட்ட கணக்கு அங்கு முழுமை பெறவில்லை. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் எத்தனையோ ஊர்கள் வெறுமையாகின. அவற்றுக்கு எலும்புக்கூட்டுக் கணக்குக்கூட இல்லை.

ஆயினும் வெறுங்கையராக நாம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதற்கு வித்திட்டு முன்னின்று எழுதிய இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து வெளிநாட்டில் வாழ்ந்தவர். 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்தில் பேணி வருகின்றது.

எழுதும் இடம் உண்டு; பேணும் இடமும் உண்டு. ஆதாரமோ எமது அலுமாரிகளில் கிடக்கின்றது. கோயிலின் கும்பாபிசேக மலர், பாடசாலையின் நூற்றாண்டு மலர், ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர், பெற்றோரின் அந்தியேட்டியன்று அச்சிட்ட கல்வெட்டு ஆகிய யாவும் அச்சேறிய ஏடுகளே. ஒரு கல்வெட்டில் மூன்று தலைமுறையின் பெயர்களும், குளத்தின் பெயரும், ஒழுங்கையின் பெயரும், பாடசாலை தொடங்கியவரின் பெயரும் இருக்கக்கூடும். அவற்றைக் குப்பையில் இடும் ஒவ்வொரு வீடுமாற்றத்திலும் ஓர் ஊர் சிறிது அழிகின்றது.

ஆகவே, எமது குடும்பங்கள் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, கைவசமுள்ள மலர்களையும் கல்வெட்டுகளையும் பிரதியெடுத்துப் பேணும் நிறுவனங்களுக்கு வழங்குதல். இரண்டாவது, முதியோரின் நினைவுகளை ஆண்டும் இடமும் பெயரும் சேர்த்து எழுதி, அடுத்த ஊர்ச் சங்க மலரில் அச்சிடுதல். மூன்றாவது, அவற்றை ஆதாரமாகக் காட்டி, தமிழறிந்த பிள்ளைகளைக் கொண்டு களஞ்சியத்தில் எழுதுவித்தல். இந்த ஒழுங்கு மாறினால் எழுதியது நில்லாது.

ஊரைப் பெருமைப்படுத்துவதற்காக மிகைப்படுத்தி எழுதுவதையும் நாம் தவிர்த்தல் வேண்டும். எவரும் வாழாத பக்கப் பாதை ஊரானது போல, இல்லாத பெருமையும் ஒருநாள் நீக்கப்படும். அதனோடு உள்ள உண்மையும் ஐயத்துக்குள்ளாகும்.

ஜிம் ஷாங்கிளின் ஊரவர் தம் கதையை எழுத எவரும் வருவார் எனக் காத்திருக்கவில்லை. அக்கதை அறிந்த முதியோர் உயிருடன் இருந்தபோதே கூடினர், கேட்டனர், பொறித்தனர். எமது முதியோரும் இன்று எம்முடன் இருக்கின்றனர். அடுத்த விடுமுறை நாளில் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர்வோமாக.